மூன்றாவது வேளை

வக்கீல் அனந்தராமன் இந்த வழக்கை எடுத்துக்கொண்டது பீர் முஹம்மதுவின் கைவேலைக்கு மரியாதை செய்யத்தான். மயிலாப்பூர் லஸ்ஸில் அவர் வீட்டு அலமாரிகளில் இருந்த சட்டப் புத்தகங்கள் அத்தனைக்கும் தையல் போட்டு, தோல் முதுகு ஒட்டி, பொன்னெழுத்துப் பதித்துக் கொடுத்தவர் பீர் முஹம்மது. இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த வருஷத்துத் தீர்ப்புகள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கேட்டால் வக்கீல் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கையில் எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ரமலான் இரவு சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தார். விடிவதற்கு முன்னால் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

அது 1934, மார்கழி. வழக்கு விசாரணைக்கு வந்தது 1936-இல். நடுவில் அவர் மனைவி ஜைதூன் பீ, கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலை ஒட்டிய சந்திலிருந்து லஸ்ஸுக்கு நடந்த நடையைச் சேர்த்து வைத்தால் ஹஜ்ஜுக்கே போய் வந்திருக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். பீர் முஹம்மதுக்குப் பத்து நாளாக வறட்டு இருமல். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு, மார்க்கமே கொடுத்த சலுகை. "இருமலுக்குப் போயி நோம்ப வுடறதா? நாலு பேரு சிரிப்பாங்க" என்று அவர் பிடிவாதமாக நோன்பு வைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டாம் நோன்பன்று சாயங்காலம் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் வீட்டு வாசலில் நாற்பது பேர். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இங்கிலீஷில் சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லஸ் மூலையில் ஓர் இங்கிலீஷ் மருந்துக் கடை. கம்பவுண்டர் சீட்டைப் பார்த்து மருந்தைக் கலந்து புட்டியில் ஊற்றி, பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டினார். ஒரு பல் அளவு ஒரு வேளை. மொத்தம் ஆறு பல். முன்பக்கம் ஒரு லேபிள். அதில் தமிழில், "தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்." உள்ளே அபின் இருக்கிறது என்று லேபிள் சொல்லவில்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் அந்த லேபிளைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். மகள் நஸ்ருன்னிசா. அப்போது பதினாலு வயது. முனிசிபல் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். அத்தாவுக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கும் உத்தியோகம் தனக்கு வந்ததில் அவளுக்கு ஒரே பெருமை. நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் முதல் வேளையை ஊற்றினாள். பட்டையில் நகத்தை வைத்து அளவு பார்த்துத்தான் ஊற்றினாள்.

இரவுத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு இரண்டாவது வேளை. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. பீர் முஹம்மதுக்குத் தமாஷ் தோன்றியது. நேரத்துக்குத் தொழ முடியாமல் போன தொழுகையை அப்புறம் சேர்த்துத் தொழுது ஈடுகட்டுவார்கள். அதற்குக் களா என்று பெயர்.

"தெனம் மூணு வேளன்னு எழுதிக்கீது. பகல்ல நோம்பு. வுட்டத களா பண்ணிடலாம், ஊத்தும்மா" என்றார்.

நஸ்ருன்னிசா லேபிளை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். மூன்று வேளை. சாப்பாட்டுக்குப் பின். சரியாகத்தான் இருந்தது. படுக்கப் போகும்போது மூன்றாவது வேளையும் ஊற்றிக் கொடுத்தாள். அடுப்படியில் இருந்த ஜைதூன் பீயும் களாவைக் கேட்டுச் சிரித்தாள். நாலு மணி நேரத்துக்குள் மூன்று வேளை.

மறுநாள் மத்தியானத் தொழுகைக்கே அடக்கம் ஆகிவிட்டது. பீர் முஹம்மதுவின் தம்பி ஷரஃபுதீன் அழுது முடித்து நிமிர்ந்து, "மருந்த யாரு குடுத்தது?" என்று கேட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. துக்கத்தில் மனிதன் எதையாவது கேட்பான். ஆனால் நரம்பில்லாத நாக்கு கேட்டுவிட்டது, அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நஸ்ருன்னிசா யாருக்கும் எதையும் தன் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டால் பானையைக் காட்டுவாள். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை. பெண் கேட்டு வந்த தூரத்து உறவுக்காரியிடம், "என் கையால தின்னா செத்துப் பூடுவீங்க" என்று சாதாரணமாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்னபோது அழக்கூட இல்லை. ஜைதூன் பீக்கு அதுதான் தாங்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தாயிற்று, பெண்ணும் கண் எதிரில் போய்க்கொண்டிருந்தாள்.

தப்பு கடைக்காரருடையது என்று ஒரு ஜட்ஜ் வாயால் சொல்லிவிட்டால் பெண் பிழைத்துக்கொள்வாள். ஜைதூன் பீ கோர்ட்டுப் படி ஏறியது இந்த ஒரு நினைப்பில்தான்.

அனந்தராமன் முதல் நாளே விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். "ரெண்டு படி ஏறணும்மா. கடைக்காரன் செய்ய வேண்டியதைச் செய்யலேன்னு காட்டணும். அது மொதப் படி. அந்த மருந்தாலேதான் உங்க ஆத்துக்காரர் போனார்னு காட்டணும். அது ரெண்டாவது. ரெண்டையும் நிரூபிக்க வேண்டியது நாமதான், அவன் இல்லே. இருமல்லே போனாரா, மருந்துலே போனாரான்னு ஜட்ஜுக்கு நிச்சயமாத் தெரியலேன்னு வெச்சுக்கோங்கோ, கேஸ் போச்சு. புரியறதா?"

"புரியுது வக்கீலய்யா. சந்தேகம் வந்தா ஜெயிப்பு அவனுக்கு."

"அதான்."

முதல் படி எதிர்பாராமல் சுலபமாக ஏறிவிட்டது. கடையில் டாக்டர் சீட்டுகளை நகல் எடுத்து வைக்கும் நோட்டு ஒன்று இருந்தது. கோர்ட்டு உத்தரவு வாங்கி அதை வரவழைத்தார் அனந்தராமன். பீர் முஹம்மது பேருக்கு நேராக, டாக்டர் எழுதியபடியே, கம்பவுண்டரின் கையெழுத்தில் இருந்தது: இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. டாக்டர் கடைக்குச் சொல்லியிருக்கிறார். கடை தன் நோட்டுக்குச் சொல்லியிருக்கிறது. குடிக்கிறவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைக்காரர் தரப்பு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. மயிலாப்பூரிலும் தேனாம்பேட்டையிலும் மருந்துக் கடை வைத்திருக்கும் மூன்று பேரைக் கூண்டில் ஏற்றினார். மூவரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். லேபிளில் மணிக் கணக்கு எழுதும் வழக்கம் இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை, தினம் மூன்று வேளை என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி செய்தவன் எப்படிக் குற்றவாளி ஆவான் என்று கேட்டார் வக்கீல்.

அதோடு விட்டாரா? சாதாரணப் புத்தியுள்ள மனிதன் என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். சட்டத்துக்கு இப்படி ஓர் ஆசாமி உண்டு. அவனை யாரும் பார்த்ததில்லை, ஆனால் எல்லா வழக்கிலும் அவன் வந்து நிற்பான். அவன் காலையில் எட்டு மணிக்குச் சாப்பிடுவான், மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடுவான், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடுவான். தினம் மூன்று வேளை என்றால் அவனுக்குத் தானாகவே இடைவெளி விழுந்துவிடும். அவன் நோன்பு வைக்கமாட்டான். ஏகாதசிப் பட்டினியும் கிடக்கமாட்டான், சவுரியார் மாதாகோவிலுக்கு நேர்ந்துகொண்டு ஒருபொழுது விரதமும் இருக்கமாட்டான். மயிலாப்பூரில் அவனைத் தேடினால் ஒரு வீட்டிலும் கிடைக்கமாட்டான். இருந்தும் பீர் முஹம்மது அவனைப் போல நடந்துகொண்டிருக்க வேண்டும் என்றார் அந்த வக்கீல். ஜட்ஜ் தலையை ஆட்டாமல் எழுதிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்கோ. நோட்டுலே எழுதிண்டவன் லேபிள்லே ஏன் எழுதலே? இதுக்கு அவாகிட்டே பதில் இல்லே" என்றார் அனந்தராமன்.

பாக்கி இரண்டாவது படி. சட்டென்று அடக்கம் செய்துவிட்டதால் உடலை அறுத்துப் பார்த்த ரிப்போர்ட் கிடையாது. புட்டியில் மிச்சமிருந்த மூன்று வேளை மருந்தும், ஓய்வு பெற்ற ஒரு டாக்டரின் சாட்சியமும், வீட்டுக்காரர்கள் சொல்லப் போவதும்தான் கையிருப்பு. மருந்து ஊற்றிய பெண் கூண்டில் ஏறிச் சொல்லியே ஆக வேண்டும் என்று அனந்தராமன் பிடித்த பிடியாக நின்றார். ஜைதூன் பீ ஒரு மாதம் மறுத்துப் பார்த்தாள். கடைசியில், எல்லாம் அவள் நல்லதுக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு சம்மதித்தாள்.

அன்று காலை தாயும் மகளும் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, ஷரஃபுதீன் துணைக்கு வர, டிராம் ஏறி ஹைகோர்ட்டுக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண்ணுக்கு இப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டு அறையில் வக்கீல்களுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் துப்பட்டிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதலில் டாக்டர் ஏறினார். வயசானவர், நிதானமாக இங்கிலீஷில் பேசினார். அனந்தராமன் கேட்கக் கேட்க அவர் விரல் விட்டு ஏதோ எண்ணிக் காட்டினார். ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றாவது விரலில் நிறுத்தி, அதை மட்டும் ஆட்டி ஆட்டிச் சொன்னார். எதிர் வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டும் அவர் அந்த விரலை விடவில்லை. அனந்தராமனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உட்கார வந்தவர் சந்தோஷம் தாங்காமல் பெஞ்சின் பக்கம் குனிந்தார்.

"கேட்டேளா? ரெண்டு வேளையோட நிறுத்தியிருந்தா மனுஷன் பொழைச்சிருப்பார், மூணாவது வேளைதான் கொன்னுதுன்னு அடிச்சுச் சொல்லிட்டார். இது போறும் நமக்கு. ஜெயிச்சாச்சுன்னே வெச்சுக்கோங்கோ."

நல்ல மனிதர். தன் கட்சிக்காரிக்கு நல்ல சேதி சொன்னோம் என்றுதான் அவர் நினைத்தார். பக்கத்தில் இருந்த பெண்ணை அவர் பார்க்கவில்லை. ஜைதூன் பீ பார்த்தாள். நஸ்ருன்னிசாவின் முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. தனக்கு முன்பே தெரிந்த விஷயத்தைப் பெரியவர்களும் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுபோல அவள் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அந்த ஒரு தலையாட்டலில்தான் ஜைதூன் பீக்கு விளங்கியது. கடைக்காரர் மேல் குற்றம் நிற்க வேண்டுமானால் மருந்துதான் கொன்றது என்று நிற்க வேண்டும். மருந்துதான் கொன்றது என்று நின்றால், ஊற்றிய கை? ஜட்ஜ் கடையைச் சொல்வார், லேபிளைச் சொல்வார், இங்கிலீஷில் பத்துப் பக்கம் எழுதுவார். பெண்ணுக்கு அதில் ஒரே ஒரு வரிதான் காதில் விழும். வழக்கில் ஜெயித்தால் பெண் தோற்றாள்.

"ஜைதூன் பீ!" என்று சேவகன் கூப்பிட்டான்.

கூண்டில் ஏறினாள். ஆண்டவன் முன்னிலையில் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். ஐந்து வேளை தொழுகிறவள். விளையாட்டுக்குக்கூட அல்லா பேரில் சத்தியம் செய்யாதவள். அனந்தராமன் கேட்டவற்றுக்கெல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொன்னாள். பிறகு எதிர் வக்கீல் எழுந்தார்.

"உன் புருஷருக்கு எத்தனை நாளாக இருமல்?"

வக்கீல் வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில் பத்து நாள். அதுதான் நிஜமும்.

"ரெண்டு மாசமா" என்றாள் ஜைதூன் பீ.

அனந்தராமன் நிமிர்ந்து பார்த்தார். எதிர் வக்கீலுக்கே ஆச்சரியம். கோவிலில் கும்பிடப் போனவனுக்குத் தெய்வமே எதிரில் வந்தாற்போல ஒரு கணம் திகைத்துவிட்டு, சுதாரித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். "வெறும் இருமல்தானா?"

"இல்லீங்க. ரத்தம் வரும். உருமால்ல துப்புவாரு. யாருக்கும் சொல்லாதேன்னாரு. அன்னிக்கி நோம்பு தொறக்கும்போதே மூச்சு இழுத்துக்கினு இருந்திச்சு. மருந்து குடிக்கறதுக்கு முந்தியே."

"அப்படியானால் மருந்தினால்தான் இறந்தார் என்று உன்னால் சொல்ல முடியுமா?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும். எனுக்கு இன்னா தெரியும்?"

பெஞ்சிலிருந்து ஷரஃபுதீன் எழுந்துவிட்டான். சேவகன் உட்காரச் சொன்னான். அனந்தராமன் மறுபடி எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்லும்படி இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். அவள் அதே பதிலையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொன்னபோதும் பீர் முஹம்மதுவைத் தன் கையாலேயே இன்னொரு தடவை குழிக்குள் இறக்குவதுபோல இருந்தது. ஆனாலும் சொன்னாள். வாதியே இப்படிச் சொன்ன பிறகு மகளைக் கூண்டில் ஏற்றுவதில் பிரயோஜனம் இல்லை என்று அனந்தராமன் விட்டுவிட்டார். அந்த மட்டுக்கும் ஜைதூன் பீக்கு நிம்மதி.

வெளியே வராந்தாவில் ஷரஃபுதீன், "அண்ணனுக்குத் துரோகம் பண்ணிட்டியே அண்ணி! அவரு எப்ப ரத்தம் துப்பினாரு? அந்தக் கடக்காரன் இன்னா குடுத்தான் உனக்கு?" என்று கத்தினான். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஜைதூன் பீ பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்கப்புறம் அவன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வழக்குத் தள்ளுபடி. ஜைதூன் பீ மகளை அழைத்துக்கொண்டு லஸ்ஸுக்குப் போனாள். அனந்தராமன் பழைய முகத்தோடு வரவேற்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"இன்னும் என்னம்மா வேணும்? ஜெயிக்கற கேஸை நீங்களே கவுத்துட்டேளே" என்றார்.

"ஒரே ஒரு ஒபகாரம் வக்கீலய்யா. அவரு எதால செத்தாருன்னு ஜட்ஜு எழுதிக்கீறாரே, அந்த எடத்த மட்டும் தமிழ்ல படிச்சு சொல்லுங்க. எனுக்கு இல்ல. இதோ, இதுக்கு."

அனந்தராமன் பெண்ணைப் பார்த்தார். வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தார். தாயைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்ள வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. பிறகு தாளைப் புரட்டி, குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார்.

"இறந்தவர் நெடுநாளாக நுரையீரல் நோயால் வருந்தி வந்தார் என்பது வாதியின் வாக்குமூலத்தாலேயே தெரிகிறது. மருந்தினால் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை." கண்ணாடிக்கு மேலாகப் பெண்ணைப் பார்த்தார். "கோர்ட்டு சொல்லியிருக்கும்மா கொழந்தே. நிரூபணம் ஆகலே. மருந்து காரணம் இல்லே."

கடைசி வாக்கியம் தாளில் இல்லை. நிரூபணம் ஆகாததும் இல்லாததும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியாததா? அதைச் சொல்லித்தான் அவர் முப்பது வருஷம் சோறு தின்றவர். ஜைதூன் பீ கைகூப்பிவிட்டு வெளியே வந்தாள்.

அந்தக் கடை வாசல் வழியாகத்தான் திரும்ப வேண்டியிருந்தது. உள்ளே கம்பவுண்டர் யாருக்கோ லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆளைப் பார்க்கவே ஜைதூன் பீக்கு நெஞ்சு எரிந்தது. அவர் பிழைத்துவிட்டார், அவளே பிழைக்க வைத்துவிட்டாள். பரவாயில்லை, பெண் பிழைத்தால் போதும் என்று எண்ணிக்கொண்டு தெப்பக்குளத்து ஓரமாக நடந்தாள்.

பாதிக் குளம் சுற்றியதும் ஜைதூன் பீயே ஆரம்பித்தாள்.

"கேட்டியா நஸ்ரூ? ஜட்ஜே எழுதிட்டாரு. மருந்து இல்லியாம். அத்தாவுக்கு நெஞ்சுல சீக்கு. ரத்தம் துப்பிக்கினு இருந்தாரு. உனுக்குத் தெரியாது, நீ சின்னப் பொண்ணு. நான்தான் மறைச்சு வெச்சிருந்தேன்."

நஸ்ருன்னிசா நின்றாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தா போன நாளிலிருந்து அவளாக வந்து யாரையும் தொட்டதில்லை. ஜைதூன் பீக்கு ஒரு நொடி உயிரே திரும்பி வந்தது.

"நீ எனுக்காவத்தான் பொய் சொன்னே. தெரியும்மா" என்றாள் பெண். குரலில் கோபம் இல்லை. ஆறுதல் சொல்கிற குரல்.

"பொய் இல்லடி. உருமால்ல துப்பினாரு, நான் பாத்தேன்."

"அத்தா உருமாலெல்லாம் நான்தானேம்மா தொவைச்சேன்."

ஜைதூன் பீ வாயைத் திறந்தாள். அல்லாவின் முன்னிலையில் ஜட்ஜிடம் சொன்னதை மகளிடம் இன்னொரு தடவை சொல்ல அவளால் முடியவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து, இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். பெண் அழவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.